இணையத்தில் தாமதம்: காரணங்களும் களையும் வழிகளும்

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். சிற்றூர் ஒன்றில் மாணவி ஒருத்தி தன் வீட்டு இணைய இணைப்பின் வழியே விண்ணப்பப் பக்கத்தைத் திறக்க முயல்கிறாள். முந்தைய நாள் இரவுதான் துறை அலுவலகம் தன் வலைத்தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றியிருக்கிறது. தலைமை அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரிக்குப் புதிய பக்கம் உடனே திறக்கிறது. "எல்லாம் ஒழுங்காகவே உள்ளது" என்று அவர் கூறுகிறார். மாணவிக்கோ பழைய சர்வரின் "சேவை இல்லை" என்ற அறிவிப்பே மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. அடுத்த தெருவில் வேறொரு நிறுவனத்தின் இணைப்பைப் பெற்றுள்ள அவளுடைய தோழிக்குப் பக்கம் திறக்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்தை நிரப்பிய பின்னரும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியுள்ளது.

மூவர் கூறுவதும் உண்மையே. தளம் ஒன்று, அனுபவம் மூன்று. இவ்வேறுபாடு ஏன் எழுகிறது, குறை எங்கே இருக்கிறது என்பதை எவ்வாறு கண்டறிவது, அலுவலகமும் பயனாளரும் செய்யத்தக்கவை யாவை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்குப்படி, 2024 மார்ச் இறுதியில் நம் நாட்டில் இணைய இணைப்புகளின் எண்ணிக்கை சுமார் 95 கோடியாக இருந்தது. தேர்வு முடிவு, நிலப் பதிவேடு, ஓய்வூதியம், உதவித்தொகை எனப் பல சேவைகள் இணையத்தின் வழியே வழங்கப்படுகின்றன. எனவே, இணையத்தில் ஏற்படும் தாமதம் பொறியாளர்களின் கவலை மட்டுமன்று. அது நிர்வாகத்தின் கவலையும் ஆகும்.

வேகம் வேறு, தாமதம் வேறு

இணைய இணைப்பின் தரத்தை நாம் பொதுவாக வேகத்தைக் கொண்டே அளவிடுகிறோம். 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் தரும் இணைப்பைப் பிராட்பேண்ட் என வரையறுத்தது. 2023 ஜனவரியில் இந்த வரையறை 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. இன்று கண்ணாடி இழை இணைப்புகளில் 100 மெகாபிட், அதற்கு மேற்பட்ட வேகம் என்பது வியப்புக்குரியதன்று.

ஆனால், வேகம் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு தகவல் வந்து சேரும் என்பதன் அளவு. தாமதம் என்பது கேட்ட கேள்விக்கு முதல் விடை வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதன் அளவு. அகலமான கால்வாயில் மிகுதியான நீர் பாயும்; எனினும் அணையில் திறந்த நீர் கடைமடையை அடைய ஆகும் காலம் கால்வாயின் நீளத்தையும், இடையிலுள்ள மதகுகளையும் பொறுத்தது. இணையத்திலும் நிலைமை இதுவே. 50 மெகாபிட் திட்டத்தை 200 மெகாபிட் திட்டமாக மாற்றிய பின்னரும் "பக்கம் திறக்கத் தாமதமாகிறது" என்று பலர் வருந்துவதற்குக் காரணம், அவர்கள் கால்வாயை அகலப்படுத்தினார்களேயன்றி மதகைக் கவனிக்கவில்லை என்பதேயாகும்.

தாமதம் மூன்று இடங்களில் பிறக்கிறது. முதலாவது, பெயரைத் தேடும் இடம். இரண்டாவது, தொலைவு. மூன்றாவது, வரிசை. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பெயரும் எண்ணும்

இணையத்தில் உள்ள ஒவ்வொரு சர்வருக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் உண்டு. மனிதர்கள் எண்களை நினைவில் கொள்வது அரிது. ஆதலால் பெயர்களைப் பயன்படுத்துகிறோம். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் ஏற்பாடே டி.என்.எஸ். எனப்படும் களப்பெயர் முறையாகும்.

இணையத்தின் தொடக்க காலத்தில் எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம் அக்கோப்பைப் பராமரித்தது. பிற கணினிகள் அதனை நகலெடுத்துக்கொண்டன. கணினிகள் பெருகியபோது இம்முறை தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் புதியதொரு முறையை வகுத்தார். 1987 நவம்பரில் திருத்தப்பட்ட வடிவில் வெளியான அந்த வரையறையே இன்றளவும் அடிப்படையாக விளங்குகிறது. பதிவேட்டை ஒரே இடத்தில் குவிக்காமல் பலரிடம் பகிர்ந்தளித்ததே இம்முறையின் சிறப்பாகும்.

பகிர்வு இவ்வாறு அமைந்துள்ளது. மேல்மட்டத்தில் வேர் சர்வர்கள் உள்ளன. இவற்றுக்குப் பதின்மூன்று பெயர்கள்; பன்னிரண்டு நிறுவனங்கள் இவற்றை நடத்துகின்றன. ஆயினும் ஒரே பெயரில் இயங்கும் படிகள் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. இந்தியாவிலும் சில நகரங்களில் அவை நிறுவப்பட்டுள்ளன. அடுத்த மட்டத்தில் ".காம்", ".இன்" போன்ற உயர்நிலைக் களங்களின் சர்வர்கள். ".இன்" களத்தையும், தமிழ் எழுத்துகளில் அமைந்த ".இந்தியா" களத்தையும் நிர்வகிப்பது நிக்ஸி எனப்படும் இந்திய தேசிய இணைய இணைப்பகமாகும். மூன்றாவது மட்டத்தில், அந்தந்த வலைத்தளத்தின் உரிமையாளர் பராமரிக்கும் மூல சர்வர். தளத்தின் எண் எது என்பதைச் சொல்லும் உரிமை இந்த மூல சர்வருக்கு மட்டுமே உண்டு.

வீட்டில் உள்ள கணினி இத்தனை படிகளையும் தானே ஏறி இறங்குவதில்லை. இணைய நிறுவனம் நடத்தும் தேடு சர்வரிடம் அது கேட்கிறது. தேடு சர்வர் மேலிருந்து கீழ்வரை விசாரித்து, விடையைப் பெற்று, கணினிக்கு அளிக்கிறது. அந்தத் தேடு சர்வர் பளு மிகுந்ததாகவோ பழுதுற்றதாகவோ இருப்பின், எத்தனை மெகாபிட் இணைப்பாயினும் ஒவ்வொரு புதிய தளமும் திறப்பதற்கு முன் சற்றுத் தயங்கி நிற்கும். திறந்த பின் அதே தளத்தில் பணி விரைந்து நடக்கும். "முதலில் தயக்கம், பின்னர் விரைவு" என்ற இந்த அடையாளம் தோன்றினால், குறை பெயரைத் தேடும் இடத்தில் இருக்கக்கூடும் என்று முதலில் ஐயுறலாம்.

பழைய விடை ஏன் நீடிக்கிறது?

ஒவ்வொரு முறையும் மூல சர்வர்வரை சென்று கேட்பதாயின், இம்முறை ஒரு நாள்கூடத் தாங்காது. எனவே தேடு சர்வர், பெற்ற விடையைத் தன் தற்காலிக நினைவில் வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதை மூல சர்வரே ஒவ்வொரு விடையுடனும் விநாடிக் கணக்கில் தெரிவிக்கிறது. டி.டி.எல். எனப்படும் இந்த ஆயுட்காலம் 300 எனில் ஐந்து நிமிடம். 3,600 எனில் ஒரு மணி. 86,400 எனில் ஒரு முழு நாள்.

இனி, மாணவியின் சிக்கலுக்கு வருவோம். துறைத் தளத்தின் எண் 203.0.113.10 என்றும், அதன் ஆயுட்காலம் 86,400 விநாடி என்றும் கொள்வோம். மாணவியின் இணைய நிறுவனத்தினுடைய தேடு சர்வர், நேற்று இரவு 9.45 மணிக்கு வேறொரு பயனாளரின் பொருட்டு அந்த எண்ணைக் கேட்டுப் பெற்றது. இரவு 10 மணிக்கு அலுவலகம் எண்ணை 203.0.113.20 என மாற்றியது. தேடு சர்வருக்கு இம்மாற்றம் தெரியாது; தெரிவிக்கும் ஏற்பாடும் இல்லை. இன்று இரவு 9.45 மணிவரை அது பழைய எண்ணையே தரும். தலைமை அலுவலகத்தின் தேடு சர்வரோ 10 மணிக்குப் பின்னரே முதன்முறையாகக் கேட்டது. ஆகவே புதிய எண்ணைப் பெற்றது.

"டி.என்.எஸ். மாற்றம் உலகெங்கும் பரவ 48 மணி நேரம் ஆகும்" என்று கூறப்படுவதுண்டு. உண்மையில் எதுவும் பரவுவதில்லை. ஆங்காங்கே நினைவில் உள்ள பழைய விடைகள் காலாவதியாகின்றன, அவ்வளவே. எனவே, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது ஊகத்துக்குரியதன்று. மாற்றத்துக்கு முன் இருந்த ஆயுட்காலமே அதன் விடை. தளத்தின் எண்ணை மாற்றாமல் மூல சர்வரையே மாற்றினால், மேல்மட்டப் பதிவின் ஆயுட்காலமும் கணக்கில் சேரும். ".காம்" களத்தில் அது 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள். 48 மணி என்னும் வழக்குக்கு இதுவும் ஓர் அடிப்படையாகும்.

மேலும் இரு நுட்பங்களை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று, "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற விடையும் நினைவில் வைக்கப்படும். புதிய தளத்தின் பெயரைப் பதிவு செய்வதற்கு முன்பே ஒருவர் அதனைத் திறந்து பார்த்தால், "இல்லை" என்னும் விடை குறிப்பிட்ட காலம்வரை அந்தத் தேடு சர்வரில் தங்கிவிடும். இரண்டு, மூல சர்வரை அணுக இயலாதபோது ஆயுட்காலம் கடந்த விடையையும் தேடு சர்வர் தரலாம் என 2020இல் வெளியான ஒரு தொழில்நுட்ப வரையறை இடமளிக்கிறது. மூல சர்வரை ஒழுங்காக நடத்தாத அலுவலகத்தின் பழைய எண் நெடுநாள் உலவுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அலுவலகங்கள் செய்ய வேண்டுவன

இச்சிக்கலில் பெரும்பகுதியைப் பயனாளரால் தீர்க்க இயலாது. தளத்தை நடத்தும் அலுவலகம் முன்யோசனையுடன் செயற்பட்டால் அது எழவே எழாது. சர்வரை மாற்றத் திட்டமிடும் அதிகாரிகள் பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றுதல் நலம்.

முதலாவதாக, மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஆயுட்காலத்தை 86,400 விநாடியிலிருந்து 300 விநாடியாகக் குறைக்க வேண்டும். மாற்றும் நேரத்தில் குறைப்பதால் பயனில்லை. ஏனெனில் பழைய விடையைப் பெற்றவர்களிடம் பழைய ஆயுட்காலமே இருக்கும்.

இரண்டாவதாக, பழைய ஆயுட்காலம் முழுவதும் கழியும்வரை காத்திருந்து, அதன் பின்னரே எண்ணை மாற்ற வேண்டும்.

மூன்றாவதாக, எண்ணை மாற்றிய உடனே பழைய சர்வரை நிறுத்திவிடக் கூடாது. சில நாள்களுக்கேனும் அது இயங்க வேண்டும். அதற்கு வரும் விண்ணப்பங்கள் புதிய சர்வருக்கு அனுப்பப்பட வேண்டும். குறைந்த ஆயுட்காலத்தை மதிக்காத தேடு சர்வர்களும் உண்டு என்பதால் இந்த ஏற்பாடு இன்றியமையாதது.

நான்காவதாக, எல்லாம் நிலைபெற்ற பின் ஆயுட்காலத்தை மீண்டும் உயர்த்த வேண்டும். நிரந்தரமாகக் குறைத்து வைத்தால், ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் மீண்டும் தேடல் நிகழ்ந்து, தொலைதூரப் பயனாளருக்குத் தாமதம் கூடும்.

ஐந்தாவதாக, விண்ணப்பத்தின் கடைசி நாளை ஒட்டி எந்த மாற்றத்தையும் செய்யலாகாது. தவிர்க்க இயலாமல் செய்ய நேரின், கடைசி நாளை நீட்டிப்பதே நேர்மையான செயலாகும். தலைமை அலுவலகத்தின் திரையில் தெரிவது நாடு முழுவதும் தெரிவதாகாது என்பதை ஒவ்வோர் அதிகாரியும் உணர வேண்டும்.

தொலைவு விதிக்கும் தாமதம்

தோழியின் சிக்கல் வேறு வகையானது. அவளுக்குச் சரியான எண் கிடைத்துவிட்டது. ஆனால் கேள்வியும் விடையும் சென்று திரும்பவே நேரம் ஆகிறது.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கும் டெல்லிக்கும் இடையேயான ரயில் பாதையின் நீளம் சுமார் 2,180 கிலோமீட்டர். அவ்வளவு நீளமுள்ள இழையில் சென்று திரும்ப 22 மில்லி விநாடி தேவை. விநாடியை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மில்லி விநாடி. எந்த நிறுவனத்தாலும் எவ்வளவு கட்டணத்துக்கும் இதனைக் குறைக்க இயலாது. இது இயற்கை விதித்த எல்லை. இடையிலுள்ள கருவிகளும் சுற்றுவழிகளும் இதற்கு மேல் கூட்டுவனவே.

இவ்வுண்மையை அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னையிலிருந்து இத்தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் அமைப்பு தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்னர் தீவுகள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. கேள்வி மேலே சென்று கீழே இறங்கி, விடையும் அவ்வாறே வந்து சேர ஏறத்தாழ 480 மில்லி விநாடி ஆகும். சென்னைக்கும், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கும் இடையே நேர்த்தொலைவு சுமார் 1,400 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவுக்கு இழையில் சென்று திரும்ப 15 மில்லி விநாடிக்கு உட்பட்டே ஆகும்.

ஒரு வலைப்பக்கத்தின் முதல் எழுத்து திரையில் தோன்றுவதற்கு முன், பெயரைக் கேட்க ஒரு பயணம், தொடர்பை ஏற்படுத்த ஒன்று, பாதுகாப்பை உறுதி செய்யக் குறைந்தது ஒன்று, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒன்று என நான்கு பயணங்கள் தேவைப்படலாம். நான்கும் செயற்கைக்கோள் வழியே நிகழ்ந்தால் ஏறத்தாழ இரண்டு விநாடி கழியும். சுற்றுவழிகளையும் சேர்த்து 25 மில்லி விநாடி எனக் கொண்டாலும் கேபிளில் விநாடியில் பத்தில் ஒரு பங்கே கழியும். 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுகளுக்கும் கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டதன் பயனை இக்கணக்கே உணர்த்தும்.

தொலைவு என்பது நிலப்படத்தில் காணும் தொலைவு மட்டுமன்று. ஒரே நகரில் உள்ள இரு நிறுவனங்களின் பயனாளர்கள் பரிமாறிக்கொள்ளும் தகவலும், அந்நிறுவனங்கள் நேரடியாக இணைக்கப்படாவிடில், வேறு நகரத்தையோ வேறு நாட்டையோ சுற்றி வரக்கூடும். உள்நாட்டுத் தகவல் வெளிநாடு சென்று திரும்பும் இந்த வீண் பயணத்தைத் தவிர்ப்பதற்காகவே 2003இல் நிக்ஸி நிறுவப்பட்டது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கேபிள்கள் துண்டிக்கப்பட்டபோது, இந்தியாவின் மேற்கு நோக்கிய இணையப் போக்குவரத்து பெரிதும் பாதிக்கப்பட்டு மாற்று வழிகளில் செலுத்தப்பட்டது. வீட்டில் நாம் காணும் தாமதத்தின் காரணம் சில வேளைகளில் கடல் கடந்தும் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

வரிசையில் காத்திருத்தல்

மூன்றாவது காரணம் வரிசை. வீட்டின் ரூட்டரில், வெளியே செல்லக் காத்திருக்கும் தகவலைத் தேக்கி வைக்கும் இடம் உண்டு. அது அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருந்தால் தீமையே விளையும். வெளியே அனுப்பும் வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் எனவும், தேக்கத்தில் 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட் தகவல் நிற்கிறது எனவும் கொள்வோம். அது முழுவதும் வெளியேற நான்கு விநாடி ஆகும். வீட்டில் ஒருவர் தம் கைப்பேசியிலுள்ள ஒளிப்படங்களைச் சேமிப்புத் தளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், மற்றொருவர் நிரப்பும் விண்ணப்பத்தின் சிறு தகவலும் அந்த வரிசையின் கடைசியில் நான்கு விநாடி நிற்க வேண்டும். டி.என்.எஸ். கேள்வியும் அதே வரிசையில்தான் நிற்கிறது. ஆதலால் இத்தாமதம் பெயர்த் தேடலின் குறைபோலவும் தோற்றமளிக்கும்.

2012இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வேன் ஜேக்கப்சன் ஆகியோர் வரிசையின் நீளத்தை விடுத்து, தகவல் காத்திருக்கும் நேரத்தை அளந்து கட்டுப்படுத்தும் முறையை வெளியிட்டனர். புதிய ரூட்டர்கள் சிலவற்றில் இவ்வகை வசதி உள்ளது. அது இல்லாதவர்கள், முக்கியமான பணியின்போது பெருந்தகவல் அனுப்புதலை நிறுத்தி வைத்தாலே போதும்.

வைஃபை இணைப்பும் வரிசைக்கு இடமாகலாம். சுவர்கள், தொலைவு, அண்டை வீடுகளின் அலைகள் ஆகியவற்றால் இழந்த தகவலை மீண்டும் அனுப்ப நேரிடுகிறது. நிறுவனத்தின் குறை எனக் கருதப்படும் தாமதம் வீட்டுக்குள்ளேயே பிறப்பதும் உண்டு.

குறை எங்கே? அறியும் முறை

நோயை அறியாமல் மருந்து கொடுத்தல் ஆகாது. கீழ்க்காணும் சோதனைகளைச் செய்ய, கணினியில் முன்னரே உள்ள அல்லது எளிதில் நிறுவத்தக்க கட்டளைகளே போதும்.

முதற் சோதனை "பிங்". 1983இல் மைக் மூஸ் என்பவர் எழுதிய இச்சிறு நிரல், நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியைக் கருதிப் பெயரிடப்பட்டது. ஒரு சர்வருக்குச் சைகை அனுப்பி, அது திரும்ப ஆகும் நேரத்தைக் காட்டுகிறது. முதலில் வீட்டு ரூட்டருக்கும், பின்னர் நிறுவனத்தின் அருகிலுள்ள முனைக்கும், அதன்பின் தொலைவிலுள்ள தளத்துக்கும் சோதிக்க வேண்டும். கேபிள் மூலம் இணைத்த கணினியிலிருந்து ரூட்டருக்கு ஓரிரு மில்லி விநாடிக்கு மேல் ஆகலாகாது. வைஃபையில் இந்த எண் ஏறி இறங்கினால் குறை வீட்டிற்குள் உள்ளது. பெருந்தகவல் அனுப்பும்போது மட்டும் உயர்ந்தால் வரிசையே காரணம். எப்போதும் நிறுவனத்தின் முனையில் உயர்ந்திருந்தால் நிறுவனமே பொறுப்பு.

இரண்டாவது, "டிரேஸ்ரூட்". தகவல் கடந்து செல்லும் ஒவ்வொரு முனையையும் இது வரிசைப்படுத்திக் காட்டும். இடையிலுள்ள ஒரு முனை மட்டும் அதிக நேரம் காட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. சில முனைகள் இத்தகைய சோதனைக்கு மெதுவாகவே விடையளிக்கும். ஒரு முனையில் தொடங்கிய உயர்வு இறுதிவரை நீடித்தால் மட்டுமே அங்கே குறை உள்ளதாகக் கருத வேண்டும்.

மூன்றாவது, "என்.எஸ்.லுக்கப்" அல்லது "டிக்". ஒரே பெயரை நிறுவனத்தின் தேடு சர்வரிடமும், பொதுத் தேடு சர்வர் ஒன்றிடமும், தளத்தின் மூல சர்வரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். மூன்றும் ஒரே எண்ணைத் தந்தும் பழைய பக்கமே தோன்றினால், நம் கணினியின் அல்லது உலாவியின் நினைவே காரணம். அதனை நீக்க வேண்டும். மூல சர்வர் புதிய எண்ணையும் நிறுவனத்தின் தேடு சர்வர் பழைய எண்ணையும் தந்தால், எஞ்சிய ஆயுட்காலத்தை "டிக்" கட்டளையால் நோக்க வேண்டும். சற்று நேரம் கழித்துக் கேட்கும்போது அது குறைந்துகொண்டே வந்தால், முறைப்படியான காத்திருப்பே அது. குறித்த காலம் முடிந்த பின்னும் பழைய விடையே தொடர்ந்தால் நிறுவனத்திடம் முறையிடலாம். மூல சர்வரே பழைய எண்ணைத் தருமாயின் தவறு அலுவலகத்தினுடையது.

தேடு சர்வரை மாற்றலாமா?

நிறுவனத்தின் தேடு சர்வர் மெதுவாக இயங்கினால், பொதுத் தேடு சர்வரைப் பயன்படுத்தப் பயனாளருக்கு வாய்ப்பு உண்டு. கூகுள் நிறுவனம் 2009இல் தொடங்கிய 8.8.8.8, கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018இல் தொடங்கிய 1.1.1.1 ஆகியவை பலரும் அறிந்தவை. ரூட்டரிலோ கணினியிலோ இந்த எண்ணை எழுதினால் போதும்.

எனினும் இது எல்லாத் தாமதத்துக்கும் மருந்தன்று. தொலைவையும் வரிசையையும் அது குறைப்பதில்லை. மேலும், பெரிய ஒளிக்காட்சித் தளங்கள் தம் தகவலின் படிகளைப் பல நகரங்களில் வைத்து, தேடு சர்வரின் இருப்பிடத்தைக் கொண்டு அருகிலுள்ள படியைக் காட்டுகின்றன. பொதுத் தேடு சர்வர் வேறு ஊரில் இருந்தால், பயனாளருக்குத் தொலைவிலுள்ள படி காட்டப்படவும் கூடும். பெயர் விரைவாகக் கிடைத்தும் காட்சி தாமதமாகலாம். நாம் எந்தெந்தத் தளங்களைத் தேடுகிறோம் என்பதும் அந்நிறுவனத்துக்குத் தெரியவரும். அரசு அலுவலகங்களில் உள்ளகப் பெயர்கள் வேலை செய்யாமற் போகக்கூடும். எனவே தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளரின் ஒப்புதலின்றி இம்மாற்றத்தைச் செய்யலாகாது.

முறையீடும் உரிமையும்

தாமதமும் சேவைத் தரத்தின் ஓர் அளவுகோல் என்பதை ஒழுங்குமுறை ஆணையம் முன்னரே ஏற்றுள்ளது. 2006ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள், பயனாளர் பகுதியிலிருந்து பன்னாட்டு நுழைவாயில்வரை 120 மில்லி விநாடிக்கும், நிலவழியாக அருகிலுள்ள வெளிநாட்டு முனைவரை 350 மில்லி விநாடிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றன. அவற்றுக்கு மாற்றாக வந்த புதிய ஒழுங்குமுறைகள் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. தாமதம், அதன் ஏற்ற இறக்கம், தகவல் இழப்பு ஆகியன அவற்றில் இடம்பெற்றுள்ளன.

குறை நிறுவனத்திடம் இருப்பதாகத் தெரிந்தால், முதலில் அதன் புகார் மையத்தில் பதிவு செய்து பதிவு எண்ணைப் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிடில் அல்லது நிறைவளிக்காவிடில், 2012ஆம் ஆண்டின் குறைதீர் ஒழுங்குமுறைகளின்படி அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாள்களுக்குள் முறையிடலாம். அது 39 நாள்களுக்குள் தீர்க்கப்பட வேண்டும். தனிப்பட்ட நுகர்வோரின் புகார்களை ஆணையம் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதை நினைவில் கொள்க.

"இணையம் மெதுவாக உள்ளது" என்ற புகாருக்கு "இங்கே சரியாகவே உள்ளது" என்ற விடையே வரும். "கேபிள் இணைப்பில், ரூட்டருக்கு 1 மில்லி விநாடி, தங்கள் முதல் முனைக்கு 180 மில்லி விநாடி, மூன்று நாள் மாலை 7 மணி முதல் 10 மணிவரை இதே நிலை" என்று எழுதினால், அதனை எளிதில் மறுத்தல் இயலாது.

முடிவுரை

தொடக்கத்தில் கண்ட மூவரையும் மீண்டும் நோக்குவோம். மாணவி, பொதுத் தேடு சர்வரை நாடியிருந்தால் அன்றே விண்ணப்பித்திருக்கலாம். தோழி, தாமதம் வீட்டு வைஃபையிலா, வரிசையிலா, நிறுவனத்தின் பாதையிலா என்பதைச் சில நிமிடங்களில் அறிந்திருக்கலாம். ஆனால் இருவரும் இவற்றை அறிந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது முறையன்று. உதவித்தொகை பெறும் உரிமை, டி.என்.எஸ். அறிவுடையோர்க்கு மட்டும் உரியதன்று.

ஆகவே பெரும்பொறுப்பு அதிகாரியைச் சார்ந்தது. மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்னர் ஒரேயொரு எண்ணைக் குறைத்திருந்தால், பழைய சர்வரை இன்னும் சில நாள் இயங்க விட்டிருந்தால், அந்த மாணவிக்கு இக்கட்டுரையே தேவைப்பட்டிராது. இதற்குச் செலவு ஏதுமில்லை. தொலைவில் இருப்பவரின் திரையையும் தம் திரையாகக் கருதும் எண்ணம் ஒன்றே தேவை.